பெயரும் பண்பும்: பல்தள மென்பொருளாக்கத்தில் முன்செயலிக் குறியீடுகள் பற்றிய ஒரு நோக்கு

ஒருமுறை எழுதிய மென்பொருளை ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல கணினிகளில் இயங்கச் செய்தல் வெறும் தொழினுட்ப வசதி சார்ந்த விடயமன்று. எவருடைய மேசையில் எவ்வகைக் கணினி இருக்கின்றது என்பதை, அவருடைய தேவையைக் காட்டிலும் அவருடைய பொருளாதார நிலையும், கொள்வனவு செய்த நிறுவனத்தின் தீர்மானமுமே பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. ஆகவே ஒரு மென்பொருள் எக்கணினிகளை அறிந்திருக்கின்றது, எவற்றை அறியாதிருக்கின்றது என்னும் வினா, அதன் பயன் எவரைச் சென்றடையும் என்னும் வினாவோடு நெருங்கிய தொடர்புடையதாகின்றது. சி, சி++ ஆகிய மொழிகளில் எழுதப்படும் நிரல்கள் தாம் எத்தளத்துக்காகத் தொகுக்கப்படுகின்றன என்பதை அறிந்துகொள்ளக் கையாளும் பழைய உத்தியொன்றை இங்கு ஆராய முற்படுகின்றோம். அவ்வுத்தி தளத்தின் பெயரைக் கேட்கின்றது. நிரலுக்குத் தேவைப்படுவதோ தளத்தின் பண்பு. பெயரிலிருந்து பண்பை ஊகிக்கும் இப்பழக்கம் எங்கெங்கு தவறுகின்றது, அத்தவறு எவரைப் பாதிக்கின்றது என்பனவே எமது ஆய்வுப்பொருள்.

தளம் என்னும் சொல்லை முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. வன்பொருள், அதன்மீது இயங்கும் பணிசெயல் முறைமை, மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பான், அத்தொகுப்பான் சார்ந்துநிற்கும் நியம நூலகம் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டையே தளம் என்கின்றோம். இந்நான்கும் தனித்தனியே மாறக்கூடியவை என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் நாம் காணவிருக்கும் குழப்பங்களிற் பெரும்பாலானவை, இந்நான்கனுள் ஒன்றன் பெயரைக் கொண்டு மற்றொன்றன் இயல்பை அறிய முயல்வதனால் விளைவனவே.

சி மொழியின் முன்செயலி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1972-73 அளவில் அம்மொழியோடு சேர்க்கப்பட்டது. மொழியை ஆக்கிய டெனிஸ் ரிச்சி, அலன் சினைடரின் தூண்டுதலும், பி.சி.பி.எல்., பி.எல்.1 ஆகிய மொழிகளிற் காணப்பட்ட கோப்புச் சேர்க்கும் வசதிகளும் இதற்குக் காரணமாயின எனப் பிற்காலத்திற் பதிவுசெய்துள்ளார். தொடக்கத்தில் அது இரண்டே பணிகளைச் செய்தது: ஒரு கோப்பினுள் மற்றொன்றைச் சேர்த்தல், ஒரு சொல்லுக்குப் பதிலாக மற்றொரு சரத்தை இடுதல். நிபந்தனைக்குட்பட்ட தொகுப்பு, அதாவது ஒரு குறியீடு வரையறுக்கப்பட்டிருப்பின் இப்பகுதியைத் தொகு, இல்லையேல் விட்டுவிடு என்னும் கட்டளை, மைக் லெஸ்க், ஜோன் றைசர் ஆகியோரின் விரிவாக்கங்களுடன் வந்து சேர்ந்தது. முன்செயலி நிரலின் பொருளை அறியாது என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும். அது எழுத்துகளைச் சேர்க்கும், வெட்டும், அவ்வளவே. வெட்டப்பட்ட பகுதியைத் தொகுப்பான் காண்பதேயில்லை. அங்கே இலக்கணப் பிழை மலிந்திருந்தாலும் அது வெளிப்படாது.

1977 அளவில் யுனிக்ஸ் முறைமையைப் பி.டி.பி.-11 கணினியிலிருந்து வேறு இயந்திரங்களுக்குப் பெயர்க்கும் முயற்சிகள் தொடங்கின. ஜோன்சன், ரிச்சி முதலியோர் இன்ரர்டேற்றா 8/32 என்னும் கணினிக்கு அதனைப் பெயர்த்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் அவுஸ்திரேலியாவின் வொலங்கொங் பல்கலைக்கழகத்தில் றிச்சட் மில்லர் இன்ரர்டேற்றா 7/32 இற்கு அதனைப் பெயர்த்தார். பெரிய ஆய்வுகூடமொன்று செய்ததைத் தூரத்துப் பல்கலைக்கழகமொன்று தன் சொந்த முயற்சியாற் செய்தது என்பதைக் கணினி வரலாறு எழுதுவோர் போதிய அளவு பேசுவதில்லை. நிற்க. மூலநிரல் ஒன்று, இயந்திரங்கள் பல என்னும் நிலை தோன்றியதும், நிரலே தன் இருப்பிடத்தை அறியவேண்டிய தேவையும் எழுந்தது. அதற்கென ஒவ்வொரு தொகுப்பானும் சில குறியீடுகளைத் தானாகவே வரையறுத்து வைத்தது. யுனிக்ஸ், வக்ஸ், சண் என்றவாறு அவை சாதாரணச் சொற்களாகவே இருந்தன. 1989 ஆம் ஆண்டின் சி நியமம், இத்தகைய பெயர்கள் நிரலாளரின் பெயர்களோடு மோதாதிருக்க, அடிக்கோட்டோடு தொடங்கும் சில பெயர் வடிவங்களைத் தொகுப்பானுக்கென ஒதுக்கியது. இதனாலேயே இன்று _வின்32, __யுனிக்ஸ்__, __லினக்ஸ்__, __அப்பிள்__ முதலிய வடிவங்களைக் காண்கின்றோம். (இவை மூலநிரலில் உரோம எழுத்துகளில் அமைவன, இங்கு ஒலிபெயர்த்துத் தருகின்றோம்.) பழைய வடிவங்கள் முற்றாக ஒழிந்தபாடில்லை. ஜி.சி.சி. தொகுப்பான் தன் விரிவாக்கங்களோடு லினக்ஸ் முறைமையில் இயங்கும்போது லினக்ஸ் என்னும் வெறுஞ் சொல்லையும் 1 என வரையறுத்து வைத்துள்ளது. அப்பெயரில் ஒரு மாறியை அமைக்க முற்படும் மாணவன், தன் மாறியின் பெயர் 1 ஆக மாறிவிட்டதனால் எழும் பிழைச்செய்தியைக் கண்டு மலைப்பது இயல்பே.

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்ததை நாம் அறிவோம். தளக் குறியீடுகள் காரணப்பெயர்கள் போலத் தோற்றமளிப்பினும் நடைமுறையில் இடுகுறிப்பெயர்களாகவே நிற்கின்றன. _வின்32 என்பதிலுள்ள 32 என்னும் எண் தோன்றியபொழுது காரணத்தோடுதான் தோன்றியது: 16 இருமங்கொண்ட பழைய வின்டோஸினின்று 32 இருமங்கொண்ட புதியதைப் பிரித்துக்காட்டுதல். பின்னர் 64 இரும வின்டோஸ் வந்தது. அங்கும் _வின்32 வரையறுக்கப்பட்டேயிருந்தது. அதனோடு _வின்64 என்பது கூடுதலாகச் சேர்ந்தது. எண்ணைப் பொருளுடைய எண்ணாகவே படித்தவர்கள் முதலில் _வின்32 ஐ வினவி, இல்லையேல் _வின்64 ஐ வினவினர். அவ்விரண்டாம் கிளை எக்காலத்திலும் எட்டப்படாத கிளையாயிற்று.

இதனினும் வியப்புக்குரியது யுனிக்ஸ் என்னும் பெயரின் கதை. அப்பிள் நிறுவனத்தின் மக் ஓஎஸ் எக்ஸ் 10.5 பதிப்பு 2007 இல் முறைப்படி யுனிக்ஸ் சான்றிதழ் பெற்றது. ஆயினும் அங்குள்ள தொகுப்பான் __யுனிக்ஸ்__ என்னும் குறியீட்டை வரையறுப்பதில்லை. __அப்பிள்__, __மாக்__ என்பனவே உள. மறுபுறத்தில், பொதுவாக அச்சான்றிதழைப் பெறாத லினக்ஸ் விநியோகங்களில் __யுனிக்ஸ்__ வரையறுக்கப்பட்டுள்ளது. உரிமையுடையவனிடம் பெயரில்லை, பெயருடையவனிடம் உரிமைப் பத்திரமில்லை. அன்ட்ரொயிட் முறைமையிலோ __அன்ட்ரொயிட்__, __லினக்ஸ்__ இரண்டும் வரையறுக்கப்படுவதால், எதனை முதலில் வினவுகின்றோம் என்னும் வரிசையே விடையைத் தீர்மானிக்கின்றது.

தொகுப்பான்களிடையே ஆள்மாறாட்டமும் உண்டு. கிளாங் என்னும் தொகுப்பான் தோன்றியபொழுது, உலகின் பெருந்தொகையான மூலநிரல்கள் ஜி.சி.சி. தொகுப்பானின் __ஜிஎன்யூசி__ குறியீட்டை வினவி, அது இல்லாதவிடத்துப் பழைமையான, மெதுவான வழியையே மேற்கொண்டன. எனவே கிளாங் தானும் ஜி.சி.சி. என்றே கூறிக்கொள்ள வேண்டியதாயிற்று. யுனிக்ஸ் வகை முறைமைகளில் அது இன்றும் தன்னை 4.2.1 ஆம் பதிப்பு என அறிவிக்கின்றது. அப்பதிப்பு 2007 இல் வெளிவந்தது. பொது உரிமத்தின் இரண்டாம் வடிவின்கீழ் வெளியான கடைசிப் பதிப்பும் அதுவே. மூன்றாம் வடிவின் நிபந்தனைகளை ஏற்க விரும்பாத நிறுவனங்கள் அங்கேயே நின்றுவிட்டன. உரிமம் பற்றிய ஒரு போராட்டத்தின் எல்லைக்கோடு இவ்வாறு ஓர் எண்ணிற் கல்வெட்டாகப் பதிந்திருப்பது சமூக நோக்குடைய ஆய்வாளருக்குச் சுவையானதொரு செய்தியாகும்.

இனி, தமிழரை நேரே தொடும் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் டபிள்யூசார்-ரி எனப்படும் அகல வரியுரு வகை ஒன்றுண்டு. அதன் அகலத்தை நியமம் நிர்ணயிக்கவில்லை; தளத்திற்கு விட்டுவிட்டது. 1993 இல் வெளிவந்த வின்டோஸ் என்.ரி., யுனிக்கோட் 16 இருமங்களுக்குள் அடங்கிவிடும் என்று கருதப்பட்ட காலத்து ஆக்கமாதலால் 16 இருமங்களைத் தெரிந்துகொண்டது. 1996 இல் யுனிக்கோட் 2.0 அவ்வெல்லையைக் கடந்தது; ஆயினும் வின்டோஸ் தன் அகலத்தை மாற்றவியலவில்லை. லினக்ஸில் அது 32 இருமங்கள். தமிழின் அடிப்படை எழுத்துகள் முதல் 65,536 இடங்களுக்குள்ளேயே அமைந்தமையால் நெடுங்காலம் இவ்வேறுபாடு தமிழ் மென்பொருளாக்கத்தில் உறுத்தவில்லை. 2019 இல் வெளிவந்த யுனிக்கோட் 12.0 தமிழ்ப் பிற்சேர்க்கைத் தொகுதியொன்றைக் கொண்டுவந்தது. முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகளும், உழக்கு, குறுணி, பதக்கு முதலிய தானிய அளவைக் குறிகளும் உட்பட 51 வரியுருக்கள் அதிலுள்ளன. இவை 65,536 இற்கு அப்பாற்பட்டவை. 16 இரும அகலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஈரலகுகள் வேண்டும். ஓரலகு ஓர் எழுத்து எனக் கொள்ளும் நிரல், பழைய நிலவரிக் கணக்கிலோ கோயிற் கணக்கிலோ வரும் ஒரு மாகாணியை நடுவே பிளந்துவிடும். பிளந்த துண்டு எவ்வெழுத்தாகவும் அமையாது. ஓலைச்சுவடிகளையும் கணக்கேடுகளையும் மின்வடிவாக்க முனைவோர் இதனை அற்பமாகக் கருதவியலாது.

இதனை உணர்ந்த நிரலாளரொருவர் என்ன செய்வார்? வின்டோஸ் எனில் 16 இருமம், யுனிக்ஸ் எனில் 32 இருமம் என்று எழுதுவார். பார்வைக்குச் சரியே. ஆனால் வின்டோஸின்மீது யுனிக்ஸ் சூழலொன்றை அமைத்துத் தரும் சிக்வின் என்னும் தளத்தில், தொகுப்பான் இயல்பாக வரையறுப்பது __யுனிக்ஸ்__ ஐயே. _வின்32 ஐ அன்று. அகலமோ அங்கு 16 இருமம். பெயர் யுனிக்ஸ், பண்பு வின்டோஸ். மேற்படி நிரல் அங்கே தொகுக்கப்படும், இயங்கும், பின்னர் பின்னக் குறி வருமிடத்தில் மட்டும் அமைதியாகச் சிதைக்கும். வேண்டிய வினா முற்றிலும் வேறானது: அகல வரியுருவின் மிகப் பெரிய பெறுமானம் 65,535 இலும் பெரிதா? 1999 ஆம் ஆண்டின் நியமம் டபிள்யூசார்_மக்ஸ் என்னும் குறியீட்டை முன்செயலியே ஒப்பிடத்தக்க எண்ணாகத் தந்துள்ளது. இவ்வினாவில் எந்நிறுவனத்தின் பெயருமில்லை. இன்னும் பிறவாத தளமும் இதற்கு உண்மையான விடையையே அளிக்கும். 2011 ஆம் ஆண்டு நியமம் தந்த, எங்கும் குறைந்தது 32 இருமங்கொண்ட வரியுரு வகையை மேற்கொள்வோர்க்கு இவ்வினாவும் தேவையில்லை.

பெயர்வழி வினவுதலில் மற்றொரு கேடு, அதன் மௌனம். முன்செயலியின் நிபந்தனைக் கோவையில் வரையறுக்கப்படாத பெயர் எது வரினும் அதனைப் பூச்சியம் எனக் கொள்ளவேண்டும் என்பது நியமத்தின் விதி. வரையறுக்கப்பட்டுள்ளதா என்று மட்டும் வினவுமிடத்தும், அறியப்படாத பெயர் இல்லை என்னும் விடையையே பெறும். அடிக்கோடொன்றை மறந்தாலும், ஓரெழுத்தைப் பிழையாக எழுதினாலும் பிழைச்செய்தி எழாது. நிபந்தனை பொய்யாகும், அவ்வளவே. _வின்32 இற்குப் பதிலாக முன்னடிக்கோடின்றி வின்32 என எழுதுதல் பரவலானதொரு வழு. அவ்வடிவத்தை மைக்றோசொவ்ற் தொகுப்பான் தானாக வரையறுப்பதில்லை. நிரலாக்கத் திட்டத்தின் அமைப்புகளே பெரும்பாலும் வரையறுக்கின்றன. ஆதலால் அதே நிரல் ஓரிடத்திற் சரியாகத் தொகுக்கப்பட்டு, கட்டளைவரியிலிருந்து தொகுக்கும்போது வேறொரு நிரலாக உருமாறும். வேறொரு நிரல் என்பது மிகைக் கூற்றன்று. ஒன்றையொன்று சாராத பத்துக் குறியீடுகள் ஒரு மூலநிரலில் இருப்பின் அதனுள் 1,024 நிரல்கள் உறைகின்றன. லினக்ஸ் கருவகத்தில் இத்தகைய அமைவுத் தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றின் சேர்க்கைகள் அனைத்தையும் எவரும் தொகுத்துப் பார்த்ததில்லை, பார்க்கவும் இயலாது.

பார்க்கப்படாத கிளையில் என்ன நேரும் என்பதற்கு ஓப்பின் எஸ்.எஸ்.எல். நூலகம் தக்க சான்று. இணையத்தின் மறைகுறியாக்கத்திற் பெரும்பகுதி தங்கியிருந்த அந்நூலகத்தில், சேவையகத்தின் நினைவகத்திலிருந்து ஒரு வேண்டுகைக்கு 64 கிலோபைற்று வரை கசியவிடும் வழுவொன்று 2014 ஏப்பிரல் 7 அன்று வெளிப்படுத்தப்பட்டது. 'ஹாட்பிளீட்' எனப் பெயர்பெற்ற அவ்வழுவின் மூலம் குறியீடுகளில் இருக்கவில்லை. நீளத்தைச் சரிபாராமை என்னும் சாதாரணத் தவறே அது. எமக்கு முக்கியமானது அதனைச் சூழ்ந்திருந்த நிலைமை. சில தளங்களில் நினைவக ஒதுக்கீடு மெதுவானது என்னும் காரணங்காட்டி, அந்நூலகம் விடுவித்த இடையகங்களை முறைமையிடம் ஒப்படைக்காது தானே சேமித்து வைத்து மீளப் பயன்படுத்தியது. இவ்வேற்பாடு எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக்கப்பட்டிருந்தமையால், ஓப்பின் பி.எஸ்.டி. போன்ற முறைமைகள் தம் நினைவக ஒதுக்கீட்டில் அமைத்திருந்த பாதுகாப்புகள் பயனற்றுப்போயின. இவ்வேற்பாட்டை நிறுத்துதற்கு ஒரு முன்செயலிக் குறியீடு இருக்கவே செய்தது. ஓப்பின் பி.எஸ்.டி. குழுவைச் சேர்ந்த ரெட் அனாங்ஸ்ற் அதனை வரையறுத்துப் பார்த்தபோது நூலகம் ஒழுங்காக இயங்கவில்லை. விடுவித்த இடையகத்தையே உடனே திரும்பப் பெறலாம் என்னும் எதிர்பார்ப்பில் நிரலின் ஒரு பகுதி தங்கியிருந்தது. நிறுத்திய நிலையில் எவரும் அதனைச் சோதித்திருக்கவில்லை. தெரிவு ஏட்டில் இருந்தது; நடைமுறையில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்னும் நமது வழக்கு இதற்கே பொருந்தும்.

அக்குழுவினர் அந்நூலகத்தினின்று கிளைத்து லிப்ரெ எஸ்.எஸ்.எல். என்பதை ஆக்கினர். வி.எம்.எஸ்., பழைய மக் ஓஎஸ், 16 இரும வின்டோஸ் முதலியவற்றுக்கான கிளைகள் வெட்டப்பட்டன. முதற் கிழமையிலேயே ஏறத்தாழ 90,000 வரிகள் நீக்கப்பட்டதாக அவர்கள் அறிவித்தனர். இச்செயலை நாம் முழுமனதோடு பாராட்டத் தயங்குகின்றோம். வி.எம்.எஸ். முறைமையைப் பயன்படுத்துவோர் கற்பனை மாந்தரல்லர். மூலநூலகமாகிய ஓப்பின் எஸ்.எஸ்.எல். இன்றும் அவர்களுக்கு ஆதரவளிக்கின்றது. சோதிக்கப்படாத கிளை ஆபத்தானது என்பது உண்மை. ஆனால் அதனைச் சோதிப்பதற்கு அவ்வியந்திரத்தை உடையவர் முன்வர வசதியளிப்பதும், வெட்டியெறிவதும் ஒன்றல்ல.

பெயரை விடுத்துப் பண்பை வினவும் மரபும் பழையதே. லரி வோல் தம் நிரல்களோடு வழங்கிய அமைவு நிரல், முறைமையை ஆராய்ந்து அதிலுள்ள வசதிகளைத் தானே கண்டறிந்தது. 1991 இல் டேவிட் மக்கென்சி தொடங்கிய ஓட்டோகொன்ஃப் இம்முறையைப் பரவலாக்கியது: ஒவ்வொரு வசதிக்கும் சிறு நிரலொன்றை எழுதித் தொகுத்துப் பார், தொகுக்கப்படின் வசதி உண்டு எனக் குறித்துக்கொள். 1992 இல் ஹென்றி ஸ்பென்சர், ஜெஃப் கொலியர் ஆகிய இருவரும் நிபந்தனைத் தொகுப்பே தீங்கானது என்னும் பொருள்பட யூஸ்னிக்ஸ் மாநாட்டிற் கட்டுரை படித்தனர். வேறுபாடுகளை நிரலெங்கும் தூவாது, ஓர் இடைமுகத்தின் பின்னே தனிக்கோப்புகளில் ஒதுக்குக என்பது அவர்கள் தம் செய்தி நிரலான சி நியூஸ் ஆக்கத்திற் பெற்ற அனுபவத்தின் சாரம். லினக்ஸ் கருவகத்தின் நடைக்கையேடும் இதனையொத்த அறிவுரையையே தருகின்றது. ஓட்டோகொன்ஃப் முறையிலும் குறையுண்டு. ஒரு கணினியில் இருந்துகொண்டு மற்றொரு கணினிக்காகத் தொகுக்கும்போது, இயக்கிப் பார்த்து அறியவேண்டிய பண்புகளை அதனாற் சோதிக்கவியலாது. மறைந்துபோன முறைமைகளின் குறைபாடுகளை அது இன்றும் தேடிக்கொண்டிருக்கும் காட்சியும் சிரிப்புக்குரியதே. மொழிகளும் இத்திசையில் மெல்ல நகர்ந்துள்ளன: தலைப்புக் கோப்பொன்று உள்ளதா என நேரே வினவும் வசதியை 2017 இன் சி++ நியமமும், அதன் பின்னர் சி23 நியமமும் ஏற்றுக்கொண்டன.

பெயரை அறவே விலக்கவேண்டும் என நாம் வாதிடவில்லை. வின்டோஸின் சாளரமொன்றைத் திறக்கும் கட்டளை வின்டோஸில் மட்டுமே உண்டு. அங்கே பெயரே பண்பு. அத்தகைய இடங்களில் அறிந்த பெயர்களை வினவிய பின்னர், எஞ்சிய கிளையில் ஊகமொன்றை வைக்காது, பிழையென அறிவித்துத் தொகுப்பை நிறுத்தும் கட்டளையை வைத்தல் நேர்மையானது. எஞ்சியோர் யாவரும் யுனிக்ஸ் என்று கொள்ளுதல் நேர்மையுமன்று, பாதுகாப்புமன்று.

இவ்விரு அணுகுமுறைகளும் காலப்போக்கில் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஸ்ரெல்கொப்பி என்னும் சரம் படியெடுக்கும் சிறு சார்பின் வரலாறு காட்டும். ஓப்பின் பி.எஸ்.டி. முறைமையிற் பிறந்த இச்சார்பை லினக்ஸின் பிரதான நியம நூலகமான ஜிலிப்சி நெடுங்காலம் ஏற்க மறுத்தது. எனவே எண்ணற்ற நிரல்கள், __லினக்ஸ்__ வரையறுக்கப்பட்டிருப்பின் அச்சார்பைத் தாமே ஆக்கிக்கொள்க என எழுதின. லினக்ஸ் கருவகத்தின்மீதே இயங்கும் மற்றொரு நூலகமான மசலில் அச்சார்பு முன்னரே இருந்தது. பெயர் அதனைச் சொல்லவில்லை. 2023 இல் வெளிவந்த ஜிலிப்சி 2.38 அதனை ஏற்றுக்கொண்டது. பெயரை வினவிய நிரல்களிற் பல அன்றே இருமுறை அறிவிக்கப்பட்ட சார்பு பற்றிய முரண்பாட்டுப் பிழையோடு தொகுக்கப்படாது நின்றன. லிப்ரெ எஸ்.எஸ்.எல். நூலகத்தின் பல்தளப் பதிப்போ அச்சார்பு உண்டா என்று மட்டுமே வினவுகின்றது. இல்லாதவிடத்துத் தன்னிடமுள்ள பிரதியைச் சேர்த்துக்கொள்ளும், ஜிலிப்சி 2.38 உள்ள கணினியில் ஒரு வரியும் மாற்றாமலே அப்பிரதியை விட்டுவிடும்.